காய்ந்த பரேத்தோ

மழை விட்ட கீசி மலைச்சரிவில், வீட்டை ஒட்டித் தோண்டிய சின்னக் குழியைச் சுற்றிச் செம்மண் குவிந்து கிடக்கிறது. மகள் போசிபோரியின் சவப்பெட்டியைத் தோளில் தாங்கி ஒந்தியேகி நிற்கிறான். அவன் தங்கை மோரா மடி நிறைய வெள்ளைப் பரேத்தோப் பூவைப் பறித்து வருகிறாள். ஒந்தியேகியின் மனைவி கெமுன்தோ தடுக்கிறாள். "பச்சைப் பூ எதுக்குடி?" "புள்ளைக்கு அழகா இருக்கட்டும், அண்ணி." "அழகு யாருக்கு வேணும்? காஞ்சதுதான் பூச்சியக் கொல்லும்." பாயில் உலர்ந்த பூவை அள்ளிவந்து, உள்ளங்கையில் கசக்கிப் பொடியாக்கிக் குழிக்குள் தூவுகிறாள். நெடியில் சுற்றி நிற்கும் உறவினர் பலரும் தும்முகிறார்கள். "ஒரு எறும்பு ஏறினாலே ஓடிவந்து என் இடுப்புல ஏறிக்குவா," என்கிறாள் கெமுன்தோ, குழியைப் பார்த்தபடி. "இனி எங்க ஓடுவா?"