கண்ணாடியைக் கழற்றிவிட்டு அடித்த மை

போலீஸ் காவலில் இறந்துபோன தம்பிக்கு அன்று உள்ளே என்ன நடந்தது என்று கேட்டு ஜெசிந்தா மனுப் போட்டு மூன்று வருடமாகிறது. இன்று கையில் கிடைத்த பதினோரு பக்கங்களிலும் வரிக்கு வரி கறுப்பு மை.

“இதுக்கு வெறுந்தாளே கொடுத்திருக்கலாமே சார்?”

“என்னை ஏம்மா திட்டுறீங்க?” என்றார் எழுத்தர் குருநாதன். “ரகசியத்தை நானும் படிக்கக் கூடாதாம். எந்தெந்த வரியை மறைக்கணும்னு மேலேருந்து நம்பர் தருவாங்க. கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டு, ஸ்கேல் வச்சு எண்ணி அடிப்பேன். மூணு நாளா கழுத்து வலி.”

அவள் எரிச்சலோடு கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். ஸ்கேல் அங்கே ஒரு வரி கீழே நழுவியிருந்தது. மறைத்திருக்க வேண்டிய வரி பளிச்சென்று கிடந்தது:

‘அக்காவை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று கேட்டார். யாரும் வரவில்லை என்று அவரிடம் கூறப்பட்டது.’

அன்று முழுதும் அவள் ஸ்டேஷன் வாசலில்தான் நின்றிருந்தாள்.

அவள் அசையாமல் இருப்பதைப் பார்த்து, குருநாதன் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார்.

“ஏதாவது தெரியுதா என்ன? இப்படிக் கொடுங்க, பாப்போம்.”

நீட்டிய கை அப்படியே இருக்க, மறுகையால் மைப்பேனாவின் மூடியைத் திறந்தார். ஜெசிந்தா தாளை விடவில்லை.