வீடு வீடாகச் சொன்ன குரங்கு

காட்டில் சளிக்காய்ச்சல் பரவியது. "காய்ச்சல் வந்தவர்கள் வெளியே போகக் கூடாது. மற்றவர்கள் யாரையும் வீட்டுக்குள் விடக் கூடாது" என்று மருத்துவர் கரடி அறிவித்தது.

குரங்குக்கு அந்த அறிவுரை மிகவும் பிடித்துப்போனது. அன்று அதற்கே உடம்பு அனலாகக் கொதித்தது. ஆனாலும் ஊருக்கு எடுத்துச் சொல்ல ஆள் வேண்டுமே! முயல் வீட்டில் குட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு விளக்கியது. மான் வீட்டில் இருமி இருமி விளக்கியது. அணில் தந்த பழத்தைப் பாதி கடித்துவிட்டு, மீதியைப் பெருந்தன்மையோடு திருப்பிக் கொடுத்தது. ஆமை மட்டும் கதவைத் திறக்கவில்லை. "திமிரைப் பார்!" என்று திட்டிவிட்டுப் போனது.

அடுத்த வாரம் காடே படுத்துவிட்டது. முயலின் கடைக்குட்டி பிழைக்கவில்லை.

காய்ச்சல் தணிந்தும் இருமல் விடாத குரங்கு, ஆமை வீட்டு வாசலில் வந்து புலம்பியது. "வீடு வீடாகப் போய்ச் சொன்னேனே! ஒருத்தராவது கேட்டார்களா?"

"நான் கேட்டேன் அண்ணே" என்றது ஆமை, உள்ளேயிருந்தே.

"நீயா? நீ கதவையே திறக்கவில்லையே!"

"அதைத்தானே அண்ணே நீங்கள் சொல்ல வந்தீர்கள்?"

குரங்குக்கு அழுகையே வந்துவிட்டது. இந்தக் காடு திருந்தாது என்று முடிவு செய்து, அறிவுரை சொல்லப் பக்கத்துக் காட்டுக்குப் புறப்பட்டது.