தலைவரின் இடது கால்

"தலைவருக்கு இடது காலு இன்னும் விளங்கலண்ணே," என்றான் ஒச்சாண்டி.

ஞானசிகாமணி சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். டி.வி. திரையில் தலைவர் வலது காலை எடுத்து வைத்தார். இடது கால் பின்னாலேயே தங்கிவிட்டது.

எண்பத்தாறாம் வருடம், தேனி பஜாரில் ஞானசிகாமணியின் ரேடியோ ரிப்பேர் கடையில்தான் இந்தக் கூத்து. மச்சினன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கம்ப்யூட்டரை டி.வி.யோடு இணைத்தால் படம் காட்டும். தலைவரின் புதுப்படம் வெளியாகும் அன்று, தியேட்டர் வாசலில் தலைவரே நடந்து வந்து சால்வையை வீசிக் கும்பிடுவதுபோல் கம்ப்யூட்டரில் பொம்மைப்படம் காட்டுவதென்று ரசிகர் மன்றம் தீர்மானம் போட்டது. செயலாளர் என்ற ஜம்பத்தில் ஞானசிகாமணி மாவட்டம் முழுக்க வாக்குக் கொடுத்துவிட்டான்.

தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்களில் பாதிப்பேர் கட்டம் போட்ட தாளைக் கண்டதும் கழன்றுகொண்டார்கள். ஒவ்வொரு அசைவையும் கட்டத்தாளில் வரைய வேண்டும். எந்தக் கட்டம் கறுப்பு, எந்தக் கட்டம் வெள்ளை என்று எண்ணாக்கித் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கூலி கிடையாது. டீ உண்டு, அதுவும் ஞானசிகாமணி தலையில்.

விடாமல் வந்தவன் ஒச்சாண்டி. கோம்பையில் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு ஞாயிறுதோறும் பஸ் ஏறிவிடுவான். வந்த முதல் நாளே, தலைவர் சால்வையை எந்தத் தோளில் போடுவார், நடக்கும்போது எந்தக் காலை முன்னே வைப்பார் என்று கேட்டான். ஞானசிகாமணி கடைக்குள்ளேயே தலைவர் நடை நடந்து காட்டினான். வேலையில் எவ்வளவு கவனம் பார் என்று மெச்சவும் செய்தான்.

அப்போதுதான் பெரியகுளத்து மன்றத்திலிருந்து ஆள் வந்து ஒரு சேதி சொன்னான். எதிர் நடிகரின் மன்றத்துக்காரன் ஒருவன் தேனிக் கூட்டத்துக்குள் நுழைந்திருக்கிறானாம். போஸ்டரில் சாணி அடிக்கிற கூட்டம் கம்ப்யூட்டரை விட்டுவைக்குமா? ஞானசிகாமணிக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வாரமே, கூட வேலை பார்த்த மன்றத்துச் சீனிச்சாமியின் கால் வயரில் இடறியது. திரை இருண்டது. கேசட்டில் பதிந்து சேமிக்காமல் வைத்திருந்த படமெல்லாம் போயே போயின. இடது காலும் அதில் அடக்கம்.

சின்ன வயதிலிருந்து தன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து விசிலடித்தவன் என்றும் பார்க்காமல், எதிர் மன்றத்தாரிடம் எவ்வளவு வாங்கினாய் என்று ஞானசிகாமணி கேட்டுவிட்டான். சீனிச்சாமி சட்டையில் குத்தியிருந்த தலைவர் பேட்ஜைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனான்.

"அவன் இல்லண்ணே. சத்தியமா அவன் இல்ல," என்றான் ஒச்சாண்டி.

"பெறகு யாருலே?"

ஒச்சாண்டி புதுக் கட்டத்தாளை எடுத்துப்போட்டுப் பென்சில் சீவத் தொடங்கினான்.

அந்தக் கால்தான் இன்னும் வந்தபாடில்லை. இன்றைக்கு ஞாயிறு, வெள்ளிக்கிழமை படம். ஞானசிகாமணி கோயில் ஆராதனைக்குப் போயே வெகுநாளாயிற்று. வீட்டில் மனைவி சுகிர்தம் சண்டை போடுவதைக்கூட விட்டுவிட்டாள். அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. பழுதுபார்க்க வந்த ரேடியோக்கள் மூலையில் குவிந்து கிடந்தன. சீனிச்சாமி இல்லாத ஸ்டூல் வேறு கண்ணை உறுத்தியது.

"விட்ருவோம்லே. ஊரு சிரிச்சா சிரிச்சிட்டுப் போகுது. எனக்கு முடியல."

"நீங்க செத்த கண்ணசருங்கண்ணே. நான் பாத்துக்கிடுதேன்."

ஞானசிகாமணி தரையிலேயே படுத்துவிட்டான். கம்ப்யூட்டர் சாவிகளைத் தட்டும் சத்தம் தூக்கத்திலும் கேட்டுக்கொண்டே இருந்தது. விழித்துப் பார்த்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. திரையில் தலைவர் இரண்டு காலாலும் நடந்து வந்தார், சால்வையை வீசினார், கும்பிட்டார். ஞானசிகாமணிக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷமா, அசதியா என்று அவனுக்கே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை தியேட்டர் வாசலில் நிற்க இடமில்லை. தலைவர் நடந்து வந்ததும் விசில் காதைப் பிளந்தது. சூடம் காட்டினார்கள். டி.வி.க்கே மாலை போட்டதில் தலைவரின் பாதி முகம் மறைந்துபோனது. ஞானசிகாமணியைத் தோளில் தூக்கப் பார்த்தார்கள். அவன் நழுவி ஒச்சாண்டியைத் தேடினான்.

கூட்டத்துக்கு வெளியே, சைக்கிள் ஸ்டாண்டு ஓரமாக ஒச்சாண்டி தனியே நின்றிருந்தான். விசிலடித்தவனாகத் தெரியவில்லை. ஆனால் கண் மட்டும் திரையை விட்டு நகரவில்லை. ஞானசிகாமணி அவனைக் கட்டிப்பிடித்து, இன்று முதல் நீதான் மன்றத்தின் துணைச் செயலாளர் என்றான். சீனிச்சாமி விட்டுப்போன பேட்ஜைப் பையிலிருந்து எடுத்தான்.

"நமக்குள்ள நொழஞ்சானே ஒருத்தன், அவன் இதப் பாத்து வயிறெரிஞ்சு போகட்டும்லே."

பேட்ஜ் குத்த வந்த கையை ஒச்சாண்டி மெதுவாகப் பிடித்துக்கொண்டான். திரையில் தலைவர் மறுபடியும் இடது காலை எடுத்து வைத்தார். அது சரியாக ஊன்றும்வரை பார்த்துவிட்டுத் திரும்பினான்.

"இதச் சீனிச்சாமிக்கே குத்திவிடுங்கண்ணே. எனக்கு வயிறெல்லாம் எரியல."

"ஒனக்கு ஏம்லே எரியணும்?"

"எங்க மன்றத்துல கம்ப்யூட்டர் இல்லண்ணே, அதான் இங்கன வந்தேன்."