ஏழாம் மிதவை

கடலில் மிதந்து அலையை அளக்கும் மிதவைகளின் நிலையைக் காட்டும் திரை அது. போன புயலில் மூழ்கிய ஏழாம் மிதவையும் அதில் இன்னும் பச்சையாக எரிந்தது. ஆழம்: பூஜ்யம்.

"கேஷ்ல, அதான் கம்ப்யூட்டரோட தற்காலிக நினைவுல, கிடக்கிற பழைய நகல். அழிச்சிரும்மா," என்றார் அமலதாஸ். அந்த மிதவையைக் கடலில் இறக்கியவர் அவர்தான்.

திரைமுன் உட்கார்ந்திருந்த ஜெசிந்தா அழித்தாள். திரை வெறுமையானது. பிறகு உயிரோடிருக்கும் மிதவைகள் ஒவ்வொன்றாகப் பதில் சொல்லித் திரைக்குத் திரும்பின. ஆறோடு நின்றிருக்க வேண்டும். ஏழாவதும் வந்தது. ஆழம்: இரண்டாயிரம் மீட்டர்.

"மறுபடி அழிக்கவா சார்?"

திரும்பிப் பார்த்தாள். அமலதாஸ் செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றிருந்தார்.