திருப்புளி சார்

“திருப்புளி சார் பதில் போட்டுட்டார்!” என்று மனைவி துள்ளியதும் ஏ.சி. மெக்கானிக்கின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

ஞாயிற்றுக்கிழமை, காலை பதினோரு மணி. கூடத்துத் தரையில் அவர்களுடைய பழைய கம்ப்யூட்டர் பக்கவாட்டு மூடி கழற்றப்பட்டுக் கிடந்தது. மதர்போர்டையும் பவர் சப்ளையையும் புதிதாக வாங்கி, அவளே ஒவ்வொன்றாகப் பூட்டியிருந்தாள். பெட்டிக்கு உயிர் வந்துவிட்டது. ஆனால் ஹார்டு டிஸ்கைக் காணோம் என்றது, கீபோர்டும் இல்லை என்றது. வீட்டிலிருந்தே புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைப்பவள் அவள். நாளைக் காலை அச்சகத்துக்குப் போக வேண்டிய முந்நூறு பக்கமும் அந்த ஹார்டு டிஸ்கில்தான் இருந்தன.

“ஊர்ல உள்ள ஏ.சி.யெல்லாம் நான் பிரிச்சுப் பூட்டுறேன். என் பொண்டாட்டிக்கு ஒரு வயர் சொருக எவனோ ஒருத்தன் வரணுமா?”

“போன மாசம் நீங்க தொட்டதுலதான் பவர் சப்ளை புகைஞ்சுது. மறந்து போச்சா?”

மறக்கவில்லை. மறக்கத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

போனில் ஏதோ கம்ப்யூட்டர் உதவிக் குழுவாம். முகம் தெரியாதவர்கள் கேள்வி கேட்பார்கள், முகம் தெரியாதவர்கள் பதில் சொல்வார்கள். அதில் ‘திருப்புளி’ என்ற பெயரில் எழுதும் ஆள்தான் மூன்று வாரமாக இவளுக்குக் குரு. எந்த போர்டு வாங்குவது, எந்தத் திருகை முதலில் முடுக்குவது, எல்லாம் திருப்புளி சார் சொன்னபடிதான். கல்யாணமான ஆறு வருடத்தில் தன்னை ஒரு தடவையாவது இவள் இப்படி மெச்சியிருப்பாளா என்று அவன் யோசித்துப் பார்த்தான். ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. வயிறு பற்றி எரிந்தது.

“என்ன சொல்றார் உன் சாரு?”

அவள் உரக்கப் படித்தாள். “‘போட்டோ பார்த்தேன். ஹார்டு டிஸ்குக்குப் போற பவர் வயர் பாதியில நிக்குது. டக்குனு சத்தம் வர்ற வரைக்கும் அழுத்துங்க. பயப்படாதீங்க, உங்க வேலை எங்கேயும் போகாது.’”

அழுத்தினாள். டக். மறுபடி இயக்கியதும் ஹார்டு டிஸ்கின் பெயர் திரையில் வந்து நின்றது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“தெய்வங்க அவர்!”

“ஆமா, கோயில் கட்டு. பயப்படாதீங்களாம்! அதைச் சொல்ல அவன் யாரு?”

உள்ளறையில் அம்மா இருமும் சத்தம் கேட்டது.

“உங்க அம்மாவுக்கு வெந்நீர் வேணுமான்னு கேளுங்க” என்றாள் மனைவி.

“வேண்டாம்னு அவகிட்ட சொல்லுடா” என்று சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

மாமியாரும் மருமகளும் நேருக்கு நேர் பேசி நாலு மாதமாகிறது. சண்டை எதில் தொடங்கியது என்று இப்போது இருவருக்குமே ஞாபகமில்லை. பத்தடி தூரத்துக்கு அவன்தான் தபால்காரன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடம் வயர்களோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்ற அம்மாவுக்கு, இப்போது அந்த அறையும் கையிலிருக்கும் போனும்தான் கதி.

மிச்சம் கீபோர்டு. மனைவி பெட்டியின் முதுகுப்புறத்தைப் போட்டோ எடுத்துக் குழுவில் போட்டு, எழுதினதை வாய்விட்டும் சொன்னாள். “கீபோர்டு இல்லை, தொடர ஒரு கீயை அமுக்குன்னு வருது சார்.”

“கீபோர்டே இல்லையாம், அப்புறம் எதை அமுக்குறது? உன் சாரோட மூக்கையா?”

உள்ளே ‘டிங்’ என்று ஒரு சத்தம்.

“அம்மா, அந்த போனைக் கொஞ்சம் சத்தமில்லாம வை!” என்று அங்கேயும் எரிந்து விழுந்தான்.

சற்று நேரத்தில் பதில் வந்தது. அதைப் படித்த மனைவியின் முகம் மலர்ந்த அழகைப் பார்த்ததும், அவன் போனைப் பிடுங்கினான்.

‘கீபோர்டு எங்கேயும் ஓடிடாது. காலையிலேருந்து நீங்க ஒண்ணுமே சாப்பிடலை. முதல்ல சாப்பிட்டு வாங்க, அப்புறம் சொல்றேன்.’

“நீ சாப்பிடலைன்னு அவனுக்கு எப்படிடீ தெரியும்?”

“அதான் எனக்கும் ஆச்சரியமா இருக்கு. கூடவே இருக்கிற புருஷனுக்குத் தெரியலையே!” என்று சொல்லிவிட்டு, சார் சொன்ன சொல்லைத் தட்டாமல் அவள் சமையலறைக்குப் போனாள்.

இவன் ‘சாப்பிடு’ என்று சொன்னால் மட்டும் ‘இருங்க, வேலையிருக்கு’ என்பாள். அதற்கு மேல் அவனால் பொறுக்க முடியவில்லை. அவள் போனிலேயே பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினான்.

‘டேய் திருப்புளி! நான் அவ புருஷன். என் பொண்டாட்டி சாப்பிட்டா உனக்கென்ன, சாப்பிடாட்டி உனக்கென்னடா? இன்னொரு தடவை அவளுக்குப் பதில் போட்டே, வீடு தேடி வந்து உன் கையை உடைப்பேன்!’

அனுப்பிவிட்டு நிமிர்ந்தான். இப்போதுதான் மனது கொஞ்சம் ஆறியது.

உள்ளே ‘டிங்’.

இரண்டு நொடி கழித்து அறைக் கதவு திறந்தது. ஒரு கையில் போனோடு வந்த அம்மா, மறு கையை அவன் முன்னால் நீட்டினாள்.

“வீடு தேடி எதுக்குடா அலையறே? இந்தா கை, உடை. அதுக்கு முன்னாடி அவகிட்ட சொல்லு, கீபோர்டைப் பச்சை ஓட்டையில சொருகியிருக்கா, பக்கத்துல இருக்கிற ஊதாவுல சொருகணும்னு.”