மூன்றாய் வெட்டிய சொல்

"ஒரே மூச்சுல விழுங்காதீங்க. மூணா வெட்டுங்க. ழா... தாந்... தே."

காளியப்பன் அந்தப் பிரெஞ்சுச் சொல்லைச் சிலேட்டில் எழுதி, இடையில் இரண்டு கோடு கிழித்தார்.

1926. மலாயாவில், தங்காக் பக்கம் பிரெஞ்சுக் கம்பெனி ஒன்றின் ரப்பர்த் தோட்டம். அங்கே கணக்கெழுதும் ஆபீஸ் கிராணி அவர். காரைக்காலில் படித்ததால் தோட்டத்துத் தமிழர்களில் அவருக்கு மட்டுமே பிரெஞ்சு தெரியும்.

எதிரே கைலியோடு உட்கார்ந்திருந்தவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "ழா... ழா..." அதற்குமேல் வரவில்லை. மூன்று மாதமாகத் தினமும் மாலையில் கிராணி வீட்டுக்கு வருகிறார். மற்றவர் எதிரில் வாய் குழறினால் அவருக்கு வெட்கம்.

"ஏங்க, போதும் விடுங்க." காளியப்பனின் மனைவி ராஜம்மா தேத்தண்ணீரை வைத்தாள். "கேக்குறதெல்லாம் புரியுது. வாயிலதான் வர மாட்டேங்குது. பாவம்!"

"நாளைக்குத் துரைசாணி பிரான்சுலேருந்து வர்றாங்க, ராஜம். அவங்க காதுல ஒரு வினைச்சொல்லாவது விழணும். பேச வரலேன்னா வேலை போயிரும்னு கம்பெனி கடுதாசியே போட்டிருச்சு."

"அதுக்கு இதுதான் கிடைச்சுதா? என்ன அர்த்தம்?"

"'காத்திருந்தேன்'னு அர்த்தம். சின்னச் சொல்லுதான்."

வந்தவர் தேத்தண்ணீரைத் தொடவில்லை. சிலேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை பங்களா வாசலில் கார் நின்றது. வெள்ளைத் தொப்பியோடு துரைசாணி இறங்கினாள். மாலைதோறும் சிலேட்டில் படித்தவர் கைத்தடியை ஊன்றி இரண்டடி முன்னால் வந்தார். பின்னால் ராஜம்மாவோடு நின்ற காளியப்பனின் உதடுகளும் சத்தமில்லாமல் அசைந்தன.

"ழா..."

துரைசாணி அப்படியே நின்றுவிட்டாள்.

"தாந்... தே."

கைப்பை தரையில் விழுந்தது. ஓடிவந்து அவருடைய முகத்தை இரு கைகளிலும் ஏந்திக்கொண்டாள். அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவில் காளியப்பனைப் பார்த்துப் பிரெஞ்சில் படபடவென்று ஏதோ கேட்டாள்.

"அலமாக்! என்னங்க சொல்றாங்க?" ராஜம்மா வியந்துபோய்க் கிசுகிசுத்தாள்.

காளியப்பன் அவள் காதருகே குனிந்தார்.

"'பக்கவாதத்துல வாயடைச்சுப் போச்சு, உங்க புருஷன் இனிமே பேசவே மாட்டார்னு டாக்டர் எழுதியிருந்தாரே'ன்னு கேக்குறாங்க."

தாய்மொழியைத் தன் கிராணியிடம் அசையசையாகத் திரும்பப் படித்த அந்தப் பிரெஞ்சுக்கார மேனேஜர் துரை, மனைவியின் தோளில் சாய்ந்து சிரித்தார்.