பெரிய கார்புரேட்டர்

“அவருக்குக் கண்ணு மங்கல். காருக்கு இன்னும் வேகம் கொடுக்காதீங்க பாய்” என்று சாரதாம்பாள் கெஞ்சியும், அவள் கணவர் கோதண்டராமன் வாங்கித் தந்த, எஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல் ஊட்டும் பெரிய கார்புரேட்டரோடு மெக்கானிக் முனீர் பானெட்டைத் திறந்தார்.

மறுநாள் கோதண்டராமன், “ஆறு சிலிண்டருக்கும் இப்பத்தான் உயிர் வந்துருக்கு!” என்று இருவரையும் ஏற்றிக்கொண்டு மகாபலிபுரம் சாலையில் காரை விட்டார். வேகம் காட்டும் முள் எப்போதோ செத்திருந்தது.

“ஐயோ முதலாளி! ரயிலையே முந்திடுவீங்க போலக்கீதே!” முனீர் அலறினார். சாரதாம்பாள் தாலியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

“நெசமாவா?” கோதண்டராமனுக்கும் வேர்த்தது. வண்டியை ஓரங்கட்டி இறங்கினார். “இம்மாம் வேகம் வாணாம் பாய். பழைய கார்புரேட்டரையே மாட்டிடு.”

அவர் நகர்ந்ததும் முனீர் ஒரு சாக்குப் பொட்டலத்தை சாரதாம்பாளிடம் நீட்டினார்.

“புதுசு இதுலதான் கீது. பழசை நான் கழட்டவே இல்லம்மா. கத்திக் கத்தி என் தொண்டைதான் போச்சு.”